தம்பி பங்கு மண்

சென்ற ஆண்டு சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போயிருந்தேன். அருவியில் நின்ற நேரத்தைவிட, அச்சன்புதூரில் ஒரு சாவு வீட்டு வாசலில் நின்ற நேரம்தான் அதிகம்.

பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர் அந்த ஊர்க்காரர். அவருடைய தாயார் எண்பத்தாறாவது வயதில் காலமாகிவிட்டார் என்று செய்தி வந்தது. உடனே தென்காசியில் பஸ் ஏறினேன். மேற்கே மலை முழுவதையும் மேகம் மூடியிருந்தது. வாசலில் தார்ப்பாய் கட்டிப் பெஞ்சு போட்டிருந்தார்கள். உள்ளே பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து மெல்லிய குரலில் கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தார்கள். வடகரையிலிருந்து வந்த ஒரு சாயபு தொப்பியைச் சரி செய்துகொண்டு தலைமாட்டில் நின்றார். எதிர் வீட்டுக் கோனார் வீட்டு ஆச்சி கிழவியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஊரே அந்த வீட்டுக்குள் வந்து போயிற்று.

தெருவுக்கு எதிர்ப்புறம், மூடிக் கிடந்த ஒரு கடையின் இறவாரத்தடியில் ஒரு மனிதர் மட்டும் தனியாக நின்றார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

"அது யாரு?" என்று நண்பரிடம் கேட்டேன்.

"எந்தம்பிதான். நான் கூப்பிட்டேன், அண்ணாச்சி. அவனும் உள்ள வரத்தான் நெனைக்கான். ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் விடமாட்டேங்காங்க."

விஷயம் இதுதான். தம்பி பத்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு சபைக்குப் போய்விட்டார். குழந்தையாக இருந்தபோது தலையில் தெளித்த தண்ணீர் ஞானஸ்நானமே ஆகாது என்று அங்கே போதித்தார்கள். அவரும் ஆற்றில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார். இப்போது, பழைய சபையின் குரு வந்து நடத்தும் அடக்க ஆராதனையில் கலந்துகொள்வது விசுவாசத்துக்கு விரோதம் என்கிறது புதிய சபை. 'நம் ஞானஸ்நானத்தைப் பொய் என்று சொன்னவன் நம்மோடு பெட்டியைத் தொடக் கூடாது' என்கிறது பழைய சபை. இரண்டு கதவுக்கும் பூட்டு; நடுத்தெருவில் நனைகிறவன் பெற்ற பிள்ளை.

எந்தச் சபை, எந்தப் போதகர் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால், 'அவர்கள் அப்படித்தான்' என்று மற்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு தப்பித்துவிடுவார்கள். அப்படி யாரும் தப்பிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

'நீர் கிறிஸ்தவர் அல்லவே. எங்கள் வீட்டுச் சண்டையில் உமக்கு என்ன வேலை?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கோயில் யானைக்கு வடகலை நாமம் போடுவதா, தென்கலை நாமம் போடுவதா என்று காஞ்சிபுரத்தில் சண்டை போட்டுக்கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்த யானையின் நெற்றியில் எந்த நாமம் இருந்தாலும் அதற்குப் பசி ஒன்றுதான் என்பது சண்டைக்காரர்களுக்கு எப்போதும் தோன்றியதில்லை. ஆகையால் கிறிஸ்தவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்க முடியாமல் தெருவில் நின்று அழுதால், அது பக்கத்து வீட்டுக்காரனின் விவகாரமும்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'எல்லாச் சபையும் ஒன்றுதான், எல்லாக் கொள்கையும் ஒன்றுதான்' என்று இனிப்பாகப் பேசுகிற கட்சி அல்ல நான். அப்படிப் பேசுகிறவன் பெரும்பாலும் எந்தக் கொள்கையையும் ஊன்றிப் படித்தவனாக இருக்கமாட்டான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்பது அற்பமான கேள்வி அல்ல. 'கடவுளின் அருள் மனிதன் அறிந்து கேட்பதற்கு முன்னாலேயே வந்து சேருகிறது. குடும்பத்தோடு குழந்தையும் அதில் சேர்ந்ததுதான்' என்கிறார்கள் ஒரு சாரார். 'தானாக உணர்ந்து, வாயால் ஒப்புக்கொள்ளாத ஒருவனை எப்படி விசுவாசி என்பது?' என்று கேட்கிறார்கள் மறு சாரார். இரண்டும் யோசிக்கத் தகுந்த வாதங்கள். இருவரும் தம் கட்சியில் உறுதியாக நிற்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: அந்த உறுதியை நிரூபிக்க ஒரு தாயின் சவப்பெட்டிதான் கிடைத்ததா?

திருநெல்வேலிச் சீமைக்கு இந்தப் பிரிவினைகள் எப்படி வந்தன என்று கொஞ்சம் பார்க்கலாம். 1542-ல் முத்துக்குளித்துறைக்குச் சவேரியார் வந்தார். அவர் நடந்த கரையோரம் கத்தோலிக்கக் கரையாயிற்று. 1706-ல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு இறங்கினார். டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானியர் அவர். அந்த வழியில் லுத்தரன் சபை வளர்ந்தது. பிறகு ஆங்கிலேயச் சங்கங்கள் வந்தன. எந்த ஊருக்கு எந்தக் கப்பலில் வந்தவர் முதலில் போனாரோ, அந்த ஊருக்கு அந்தச் சபை. நம் தாத்தாக்களில் எத்தனை பேர் லுத்தரின் நூலையும் போப்பின் நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்தார்கள்? ஐரோப்பாவில் ராஜாக்களும் பாதிரிமார்களும் நூற்றாண்டுக் கணக்கில் போட்ட சண்டை, துறைமுகத்தில் மூட்டையோடு இறங்கியது. நாமும் அதைச் சீதனம் போலப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டோம்.

ஒரே சபைக்குள்ளேயும் இந்தக் கூத்து நடந்தது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த இரண்டு சங்கங்கள் திருநெல்வேலியைப் பங்கு போட்டுக்கொண்டு ஊழியம் செய்தன. ஜெபப் புத்தகம் ஒன்று, சபை ஒன்று, சங்கம் மட்டும் இரண்டு. 1877-ல் இடையன்குடி கால்டுவெல்லும் பாளையங்கோட்டை சார்ஜெண்டும் உதவிப் பேராயர்களாக அபிஷேகம் பெற்றார்கள். ஒரு ஜில்லாவுக்கு இரண்டு பேர், ஒரு சங்கத்துக்கு ஒருவராக! இருவரும் பெரிய மனிதர்கள். தமிழ் அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லைக்கல் எப்படி நடப்படுகிறது என்பதைப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மொழியிலும் சுவர் எழுந்தது. கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்றார்கள். மற்றவர்கள் 'தேவன்' என்றார்கள். அங்கே 'இஸ்பிரீத்து சாந்து', இங்கே 'பரிசுத்த ஆவி'. அங்கே இராயப்பர், சின்னப்பர், அருளப்பர். இங்கே பேதுரு, பவுல், யோவான். இராயப்பரும் பேதுருவும் ஒரே செம்படவர் என்பது தெரியாமலே பல தலைமுறைகள் ஒரே தெருவில் வாழ்ந்து மடிந்தன. இரு தரப்பு அறிஞர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேதத்தைப் பொதுவாக மொழிபெயர்த்து வெளியிட 1995-ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அந்தப் பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகும், பழைய நடைதான் தெய்வ நடை என்று அதை ஒதுக்கி வைத்திருக்கிறவர்கள் ஏராளம். பழைய நடையின் சங்கீதம் எனக்கும் பிடிக்கும். ஆனால் சங்கீதம் வேறு, சத்தியம் வேறு.

'நீர் வெளியே நின்று எளிதாகப் பேசிவிடுகிறீர். சத்தியத்தை விட்டுக்கொடுத்து வரும் அன்பு அன்பாகுமா?' என்பது எனக்கு வரப்போகும் அடுத்த கேள்வி. அதற்கு இரண்டு சரித்திரங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, ரேனியுஸ் ஐயருடையது. பிரஷ்ய நாட்டிலே பிறந்த அவர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களை ஏற்படுத்தினார். தமிழுக்கு இலக்கண நூல் எழுதினார். 'பூமி சாஸ்திரம்' எழுதினார். அவர் லுத்தரன் வழியில் குருப்பட்டம் பெற்றவர். அவரை வேலைக்கு வைத்திருந்ததோ ஆங்கிலேயத் திருச்சபையின் சங்கம். தமிழ் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் யார், எந்த முறைப்படி கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. அந்தத் திருச்சபையின் ஒழுங்குகளை அவர் அச்சில் கண்டித்தும் எழுதினார். 1835-ல் சங்கம் அவரை விலக்கிவிட்டது. மறுபடியும் அவர் திருநெல்வேலிக்கு வந்தபோது, அவர் பக்கம் ஒரு கட்சி, சங்கத்தின் பக்கம் ஒரு கட்சி என்று சபைகள் இரண்டாகப் பிளந்தன. மூன்றே ஆண்டுகளில், 1838-ல், அவர் காலமானார். அதற்குப் பிறகு பிளந்தவர்களில் பெரும்பாலோர் மறுபடியும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். மரணம் வந்து சேர்த்து வைத்ததை, அவர் உயிரோடிருக்கும்போதே பொறுமை சேர்த்து வைத்திருக்கக் கூடாதா? அவரும் கொள்கைக்காகத்தான் நின்றார். சங்கமும் கொள்கைக்காகத்தான் நின்றது. இரண்டு கொள்கைகளுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவர்கள் பனங்காட்டுக் குடிசைகளில் இருந்த ஜனங்கள்.

இரண்டாவது சரித்திரம், அதே சீமையில் வெள்ளாளன்விளை என்ற ஊரில் 1874-ல் பிறந்த அசரியாவுடையது. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-ல் பேராயரானார். ஆங்கிலத் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. பிரிவினை மேல்நாட்டுக்கு ஒரு பலவீனமாக மட்டும் இருக்கலாம். இந்தியாவில் அது பாவமாகவும் அவமானமாகவும் இருக்கிறது என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம். 1919 மே மாதம் முதல் இரண்டு நாட்களில், அசரியாவும் சந்தியாகு என்ற போதகரும் முன்னின்று தரங்கம்பாடியில் ஒரு சிறு கூட்டம் கூட்டினார்கள். வந்தவர்கள் 33 பேர். மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். 'எங்களைப் பிரித்து வைத்திருப்பவை நாங்கள் உண்டாக்கியவை அல்ல' என்ற உணர்வோடு, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள்.

அறிக்கை வெளியிடுவது சுலபம். அதன் பிறகு 28 ஆண்டுகள் பேசினார்கள். முக்கியமான முடிச்சு ஒன்றே ஒன்றுதான். பேராயர் கைவைத்துக் கொடுத்த பட்டமே பட்டம் என்றார்கள் ஆங்கிலத் திருச்சபையார். பேராயர் என்ற பதவியே இல்லாமல் நடந்து வந்த மற்றச் சபைகளின் குருமார்கள், 'அப்படியானால் இத்தனை காலம் நாங்கள் கொடுத்த நற்கருணை பொய்யா?' என்று கேட்டார்கள். அச்சன்புதூரில் நான் கண்ட ஞானஸ்நானச் சண்டைக்கு இது எந்த விதத்திலும் குறைந்த சண்டை அல்ல.

இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். 'யார் சொன்னது சரி?' என்ற கேள்விக்கு விடை கண்டுபிடித்துவிட்டு அவர்கள் ஒன்று சேரவில்லை. ஒன்று சேர்ந்துவிட்டு, விடையைக் காலத்தின் கையில் விட்டார்கள். இருக்கிற குருமார்கள் எல்லோரையும் அப்படியே ஏற்றுக்கொள்வது; எவருக்கும் மறுபட்டம் கிடையாது; இனிமேல் பட்டம் பெறுகிறவர்களுக்குப் பேராயர் கைவைப்பார்; 30 ஆண்டுகள் இரு வகையினரும் சேர்ந்தே ஊழியம் செய்யட்டும், அதற்கு மேல் யோசித்துக்கொள்ளலாம். இவற்றோடு இன்னொரு வாக்குறுதியும் கொடுத்தார்கள்: எந்தச் சபையின் மீதும் அது பழகாத வழிபாட்டு முறையையோ, அதன் மனச்சாட்சி ஏற்காத ஒரு குருவையோ வலிந்து திணிப்பதில்லை. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1945-ஆம் ஆண்டின் முதல் நாளே அவர் காலமாகிவிட்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் எதிர்ப்புப் பலமாக இருந்தது. கவி டி. எஸ். எலியட் 1943-லேயே இந்தத் திட்டத்தைக் கண்டித்துத் தனிப் பிரசுரம் எழுதினார். ஆந்திரத்தில் நந்தியால் பகுதியில் ஒரு கூட்டத்தார் சேர மறுத்தார்கள். எந்தத் தரங்கம்பாடியில் அறிக்கை பிறந்ததோ, அந்தத் தரங்கம்பாடியின் லுத்தரன் சபையே இணையவில்லை. ஆயினும் வானம் இடிந்து விழவில்லை. எவருடைய விசுவாசமும் கரைந்து போகவில்லை. பின்னர் 1969-ல் மதுரையில், குருமார்களுக்குக் கல்வி தரும் இறையியல் கல்லூரியைத் தென்னிந்தியத் திருச்சபையாரும் லுத்தரன்களும் சேர்ந்தே நடத்த ஆரம்பித்தார்கள். சபையாக இணையாதவர்கள் ஒரே வகுப்பறையில் உட்கார முடிந்தது.

உலகமும் சும்மா இருக்கவில்லை. மற்றக் கிறிஸ்தவர்களைப் பதிதர் என்று அழைத்து வந்த ரோமாபுரி, 1964-ல் வத்திக்கான் சங்கத்தில் அவர்களைப் பிரிந்த சகோதரர் என்று அழைத்தது. மனிதன் மீட்படைவது விசுவாசத்தாலா, செயலாலா என்ற கேள்வியில்தான் லுத்தர் காலத்தில் ஐரோப்பா பிளந்தது. அதே கேள்வி குறித்து 1999 அக்டோபர் 31-ஆம் தேதி, ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1517-லிருந்து கணக்கிட்டால் 482 ஆண்டுகள்! பெரியவர்களே சமாதானமாகிவிட்ட ஒரு வழக்கை அடிமட்டத்தில் நாம் மட்டும் விடாப்பிடியாக நடத்திக்கொண்டிருக்கிறோம். எஜமானர்கள் கைகுலுக்கிக்கொண்ட பிறகும் வேலைக்காரர்கள் அடித்துக்கொள்வது போல இருக்கிறது இது.

கொள்கைப் பற்றுத்தான் இதற்கெல்லாம் காரணம் என்றால்கூட நான் ஓரளவு மரியாதை கொடுப்பேன். ஆனால் கல்யாணம் என்று வந்தால் என்ன நடக்கிறது? ஞானஸ்நானத்தைத் தண்ணீரில் முக்கிக் கொடுப்பதா, தெளித்துக் கொடுப்பதா என்று தாய் பெட்டிக்கு முன்னால் தகராறு செய்கிறவர்கள், மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது அந்தக் கேள்வியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். 'சபை எதுவானாலும் பரவாயில்லை, நம்ம ஆளாக இருக்கணும்' என்கிறார்கள். 'நம்ம ஆள்' என்றால் என்ன அர்த்தம் என்பது இந்தச் சீமையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆக, கொள்கை என்னும் வேலியைத் தாண்ட முடியும். அதுவும் மிகச் சுலபமாகத் தாண்ட முடியும். சாதிக்காகத் தாண்டுவார்கள், அன்புக்காகத் தாண்டமாட்டார்கள். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வடக்கன்குளம் இதற்குச் சாட்சி. அங்கே எல்லோரும் கத்தோலிக்கர். ஒரே விசுவாசப் பிரமாணம், ஒரே பூசை, ஒரே போப்பாண்டவர். கொள்கையில் எள்ளளவும் பேதம் இல்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே எழுந்த கோயிலைச் சாதிக்கு ஒரு பக்கமாக, இரண்டு கால்களைப் போலப் பிரிந்து பீடத்தில் வந்து சேரும்படி கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருமார்கள் அந்தத் தடுப்பை எடுத்தபோது, அது வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போய் வழக்காடினார்கள். கொள்கை ஒன்றானால் அன்பு தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒரு தடவை வடக்கன்குளத்துக்குப் போய் வரட்டும். கொள்கை ஒன்றாக இருந்தும் மனிதன் சுவர் கட்டுவான். கொள்கை வேறாக இருந்தும், மனம் இருந்தால், வழி கண்டுபிடிப்பான்.

கிறிஸ்தவ வேதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் ஒருவன் தூக்கிச் சென்ற கதை. அதைப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு நுட்பத்தைப் பலரும் வேகமாகக் கடந்து போய்விடுகிறார்கள். யூதர்களின் பார்வையில் சமாரியன் வெறும் அந்நியன் அல்லன், கொள்கையில் தவறியவன். எந்த மலையில் தொழுவது என்பதிலேயே அவர்களுக்குள் தீராத வழக்கு. கதையில் விலகிப் போன ஆசாரியனும் லேவியனும் சரியான கொள்கைக்காரர்கள். நின்று தூக்கியவன் தவறான கொள்கைக்காரன். இயேசு அந்தச் சமாரியனைத் தம் கொள்கைக்கு மாற்றிவிட்டுக் கதையை முடிக்கவில்லை. அவனைப் போலச் செய்யச் சொல்லி முடித்தார். அதைப் பிரசங்கிக்கிறவர்களே ஒருவனைச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தால், அந்தக் கதையில் தங்களுக்கு எந்த வேஷம் என்று அவர்களே சொல்லட்டும்.

ஆகவே நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. சபைகளைக் கலைத்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. ஆற்றில் முழுகுகிறவர் முழுகட்டும். தொட்டியருகே தெளிக்கிறவர் தெளிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரவர் கோயிலில் அவரவர் கொள்கையை முழங்கட்டும். ஆனால் மூன்று இடங்களில் சபை அடையாளத்தைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வையுங்கள்: நோயாளியின் கட்டிலருகே, பசித்தவனின் அடுப்பருகே, பிணத்தின் தலைமாட்டில். வடகரைச் சாயபுவுக்கும் கோனார் வீட்டு ஆச்சிக்கும் திறந்திருந்த கதவு, அந்தக் கிழவி பெற்ற மகனுக்கு மூடியிருக்கலாமா? அயலார் நுழையக் கூடிய இடத்தில் சகோதரன் நுழையக் கூடாது என்றால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் மார்க்கம் என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.

அன்று மாலை அடக்கம் முடிந்தது. கூடியிருந்தவர்கள் பிடி மண் போட்டுவிட்டு ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். குழி வெட்டியவர் மண்வெட்டியை எடுத்து மேடு கட்டத் தொடங்கினார். என் நண்பர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"அந்தக் கடைசிக் குவியலை அப்படியே விட்டிரும். தம்பி வருவான். அது அவன் பங்கு."

நாங்கள் வாசலுக்கு வந்தபோது தம்பி மதிலோரமாக நின்றிருந்தார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. தம் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். திரும்பிப் பார்த்தேன். தம்பி குடையை விரிக்காமல் கீழே வைத்துவிட்டு, குனிந்து, இரண்டு கைகளாலும் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த ஆசிரியர் இறையியல் படித்தவர் அல்லர். தம் சபையின் கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. தம்பியின் கொள்கையை ஒப்புக்கொள்ளவும் இல்லை. தம்பி பங்கு மண்ணை மட்டும் எடுத்து வைத்தார். 28 ஆண்டுகள் பேசிப் பேராயர்கள் கண்டுபிடித்த வழியும் இதுதான். அச்சன் என்றால் தகப்பன். தகப்பனைப் பெயரில் வைத்திருக்கும் அந்த ஊரிலும் மற்ற ஊர்களிலும் பிரசங்க பீடம் ஏறுகிற பெரியவர்கள், ஒரே தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் நாம் என்று வாரந்தோறும் சொல்லிக்கொள்கிறவர்கள், அடுத்த சாவு விழுவதற்குள் இதைக் கற்றுக்கொண்டால் போதும்.